பொம்மை ரயில் முகாம் நடத்தப் போகிறீர்களா? அனுமதிக் கடிதம் முதல் கடைசிப் பெட்டி வரை

சென்ற ஆண்டு கோடை விடுமுறையில் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஒரு பொம்மை ரயில் முகாம் நடத்தினேன். பத்துப் பிள்ளைகள், மரத் தண்டவாளம், விரிக்க ஒரு ஜமுக்காளம். சொல்லும்போது சின்ன வேலையாகத்தான் தெரியும். நானும் அப்படி நினைத்து மார்ச் கடைசியில் தொடங்கினேன். முதல் வகுப்பு நடந்தது மே மூன்றாம் வாரத்தில். இடையில் திரும்பி வந்த கடிதங்கள் இரண்டு, வீணாய்ப் போன செட் ஒன்று, தண்ணீரில் ஊறிக் கெட்ட தண்டவாளத் துண்டுகள் பதினொன்று. கணக்கு எழுதும் வேலையில் இருப்பவன் என்பதால் எல்லாவற்றையும் தேதியோடு குறித்து வைத்திருக்கிறேன். நீங்கள் அதே பள்ளங்களில் விழ வேண்டாம் என்பதற்காக அந்தக் குறிப்பேட்டைப் பிரித்து இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அழகான ரயில் பாதை அமைப்பது இந்த முகாமின் வேலை கிடையாது. பாதை எங்கே சேராமல் நிற்கிறதோ, பெட்டி எங்கே கழன்று உருளுகிறதோ, அங்கேதான் பிள்ளைகள் அறிவியலைத் தொடுகிறார்கள். கீழே சொல்லும் ஏற்பாடுகள் எல்லாம், அந்தத் தடங்கல்கள் சரியான நேரத்தில் வரவும், பெரியவர்கள் குறுக்கே பாய்ந்து அவற்றைத் தீர்த்துவிடாமல் இருக்கவும்தான்.

1. வயது, எண்ணிக்கை, நேரம்

ஒன்றாம் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் உள்ளவர்கள் பத்தே நிமிடத்தில் "பேட்டரி என்ஜின் இல்லையா?" என்று கேட்கிறார்கள். பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். இருவர் ஒரு குழுவாக ஐந்து குழுக்கள். மூவர் குழுவில் ஒருவர் எப்போதும் வேடிக்கை பார்ப்பவராகிவிடுகிறார். ஒன்றரை மணி நேரம் போதும். அதில் கடைசி இருபது நிமிடத்தைப் பிள்ளைகள் இஷ்டப்படி விளையாட விட்டுவிடுங்கள். அதைப் பறித்தால் அடுத்த வாரம் வரமாட்டார்கள்.

பதிவு செய்யும்போதே ஒன்றைக் கறாராகச் சொல்லிவிடுங்கள்: மூன்று வயதுக்கு உட்பட்ட தம்பி தங்கைகளை உள்ளே விட முடியாது. இந்த ரயில் பெட்டிகளை இணைப்பது காந்தம். கழன்று விழுந்த காந்தம் ஒன்றுக்கு மேல் வயிற்றுக்குள் போனால், அவை குடலின் சுவர்களை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். அறுவை சிகிச்சை வரை போகும். முதல் வாரம் ஒரு தாய் இடுப்பில் குழந்தையோடு வந்து, "இவன் சும்மா பார்த்துக்கொண்டிருப்பான்" என்றார். இரண்டு நிமிடத்தில் அவன் கையில் ஒரு பெட்டி, பெட்டியின் முனை வாயில்.

2. இடமும் கடிதமும்

எனக்கு அதிக நாள் பிடித்தது இதில்தான்.

நூலகத்தில் நடத்துவதானால் கிளை நூலகரிடம் பேசினால் மட்டும் போதாது. எங்கள் நூலகர் மனப்பூர்வமாகச் சரி என்றார். ஆனால் அவருக்கு எழுத்தில் ஓர் உத்தரவு வேண்டும். எனவே கடிதம் மாவட்ட நூலக அலுவலருக்குப் போக வேண்டும். நான் முதலில் எழுதிய கடிதம் ஒரு பக்கம் முழுவதும் குழந்தைகளின் அறிவியல் ஆர்வத்தைப் புகழ்ந்தது. தேதி இல்லை, நேரம் இல்லை. ஒன்பது நாள் கழித்துத் திரும்பியது. இரண்டாவது கடிதத்தில் தேதி இருந்தது. பொருட்கள் உடைந்தாலோ பிள்ளைக்கு அடிபட்டாலோ யார் பொறுப்பு என்பது இல்லை. அதுவும் திரும்பியது. மூன்றாவது கடிதத்தை ஏற்றுக்கொண்டார்கள். முதல் கடிதத்திலிருந்து உத்தரவு வரை 26 நாட்கள்.

மூன்றாவது கடிதத்தில் இருந்தவை இவைதான்: நடத்தும் நான்கு தேதிகள், தொடங்கும் நேரம், முடியும் நேரம், பிள்ளைகளின் அதிகபட்ச எண்ணிக்கையும் வயதும், கட்டணம் இல்லை என்ற வரி, எந்த அறை, எத்தனை மின்விசிறி, பொறுப்பாளர் இருவரின் பெயர், முகவரி, அடையாள அட்டை நகல், சேதத்திற்கு நானே பொறுப்பு என்ற உறுதிமொழி, முடிந்தபின் அறையைப் பெருக்கி ஒப்படைப்பேன் என்ற வரி. கடைசி வரியைப் படித்துவிட்டு எழுத்தர் முதல்முறையாகச் சிரித்தார்.

நூலகத்தின் வாசகர் வட்டத்திலிருந்து ஒரு பரிந்துரைக் கடிதம் வாங்கி இணைத்தால் வேலை எளிதாகிறது. வட்டத்தின் கூட்டம் எப்போது என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு பிரதி எடுத்துப்போய், ஒன்றில் தேதி முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். எங்கள் நூலகத்திற்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வெள்ளியன்று அலுவல் முடிக்கலாம் என்று விடுப்பு எடுத்து நான் ஒரு நாளை வீணாக்கினேன்.

அரசுப் பள்ளியில் நடத்துவதானால் தலைமையாசிரியரோடு பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் பேசுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பானால் சங்கச் செயலாளருக்கு ஒரு கடிதம், அவ்வளவே. எங்கே ஆனாலும் 45 நாள் முன்னதாகத் தொடங்குங்கள். நான் தாமதித்ததால் நான்காவது வகுப்பு பள்ளி திறந்தபிறகு வந்தது. ஆறு பிள்ளைகள்தான் வந்தார்கள்.

3. எந்தத் தண்டவாளம்

கையால் தள்ளும் மர ரயில்தான் வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நான் முதலில் வாங்கியது பேட்டரி என்ஜின் ஓடும் பிளாஸ்டிக் செட். விலை 3,499 ரூபாய். விளக்கு எரியும், புகை வரும், விசில் ஊதும். என் மகளும் பக்கத்து வீட்டுப் பையனும் ஆறு நிமிடம் பார்த்தார்கள். பிறகு எழுந்து போய்விட்டார்கள். அதுவே ஓடுகிறது என்றால் பிள்ளைக்கு அங்கே என்ன வேலை? கையால் தள்ளும்போதுதான் மேடு கனக்கிறது, வளைவு இழுக்கிறது, பாய் உரசுகிறது.

கடைகளில் கிடைக்கும் மரத் தண்டவாளங்களில் பல, ஸ்வீடனின் பிரியோ நிறுவனத்தின் அளவை ஒட்டியவை: அகலம் 40 மில்லிமீட்டர், கனம் 12 மில்லிமீட்டர், மேலே சக்கரம் ஓட இரண்டு காடிகள், அதாவது நீளப் பள்ளங்கள். ஒரு முனையில் முளை, மறுமுனையில் துளை. நேர்த்துண்டுகள் 54, 108, 144, 216 மில்லிமீட்டர் நீளங்களில் வரும். வளைவுகள் ஒவ்வொன்றும் 45 பாகை; எட்டு சேர்ந்தால் ஒரு வட்டம். வாங்கும் முன் அந்த வளைவுக் கணக்கைக் கேளுங்கள். சிறு பிள்ளைகளுக்காக லெகோ செய்யும் டூப்ளோ ரயிலில் பன்னிரண்டு வளைவு ஒரு வட்டம், பெரிய பிள்ளைகளின் லெகோ ரயிலில் பதினாறு. அவை மோசமானவை என்று சொல்லவில்லை. ஆனால் ஏழு வயதுக்கு எட்டுதான் கைக்கு அடங்கும் எண்.

வளைவுகளில் இரு பக்கமும் காடி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒரே துண்டைப் புரட்டிப் போட்டு இடது வளைவை வலது வளைவாக்கலாம். ஒரு பக்கம் மட்டும் காடி உள்ள மலிவான செட்டில் முதல் வாரப் பாடத்தில் பாதி போய்விடும்.

காந்தமும் அப்படியே. சில செட்களில் காந்தம் உள்ளே சுழலும்படி வைக்கப்பட்டிருக்கும். பெட்டியை எப்படித் திருப்பினாலும் ஒட்டிக்கொள்ளும். பெற்றோருக்கு வசதி. நமக்கு வேண்டியது அசையாத காந்தம், தப்பாகத் திருப்பினால் தள்ளிவிடுகிற வகை.

4. வாங்கும்போது பார்க்க வேண்டியவை

இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். முத்திரையோடு சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். அதை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் அடித்தால் தயாரிப்பாளரின் பெயரும் உரிமம் நடப்பில் இருக்கிறதா என்பதும் தெரியும். மின்சாரம் இல்லாத பொம்மைக்கு உரிய தர எண் ஐஎஸ் 9873, மின் பொம்மைக்கு ஐஎஸ் 15644. கடைக்காரர் முகம் சுளித்தாலும் பெட்டியைத் திருப்பி அந்த எண்களைப் படியுங்கள். பதிவு பெற்ற கைவினைஞர்களும், கர்நாடகத்தின் சென்னபட்டணம் போன்ற புவிசார் குறியீடு பெற்ற ஊர்களின் உரிமம் பெற்ற தயாரிப்பாளர்களும் செய்யும் பொம்மைகளுக்கு விலக்கு உண்டு. அவற்றில் முத்திரை இல்லை என்று ஒதுக்க வேண்டாம். யார் செய்தது என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் ஆசை வரும். பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்கவரி 2023-இல் 70 சதவீதமாக உயர்ந்தது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஆசை தானே அடங்கிவிடும்.

பழைய செட் வாங்குவதுதான் கட்டுபடியானது. மரத் தண்டவாளம் எளிதில் தேயாது. பிள்ளை வளர்ந்த வீடுகளில் மூட்டையாகக் கிடக்கும். நான் 74 துண்டுகளை 2,800 ரூபாய்க்கு வாங்கினேன். வாங்கும் முன் மூன்றைச் சோதியுங்கள். ஒவ்வொரு காந்தத்தையும் நகத்தால் நெம்பிப் பாருங்கள். ஆடினால் அந்தப் பெட்டி வேண்டாம். வண்ணம் உரிந்த பெட்டிகளை விட்டுவிடுங்கள். பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கலாம். முளைகள் முழுதாக இருக்கின்றனவா என்று எண்ணுங்கள்.

பழையதைச் சுத்தம் செய்ய ஈரத்துணி போதும். நான் அதிபுத்திசாலித்தனமாக ஒரு வாளி சோப்புத் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவைத்தேன். காலையில் துளைகள் சுருங்கி, முளைகள் பருத்து, பதினொரு துண்டுகள் நெளிந்திருந்தன. மரம் தண்ணீரைக் குடித்தால் என்ன ஆகும் என்ற பாடம் எனக்கு முதலில் நடந்தது. ஐப்பசி மழையிலும் இதே கதை சிறிய அளவில் நடக்கும். கோடையில் வழுக்கிச் சேர்ந்த முளை மழைக்காலத்தில் இறுகும்.

வெவ்வேறு செட்களைக் கலந்தால் சில முளைகள் சேராது. பிள்ளைகள் சுத்தியல் தேடுவார்கள். முதல் வகுப்புக்கு முன் எல்லா முளைகளையும் எல்லாத் துளைகளிலும் போட்டுப் பார்த்து, இறுகுகிறவற்றை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். ஒரு மாலை முழுக்கப் பிடிக்கும்; தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே செய்யலாம்.

வந்த செட்டின் அட்டைப்பெட்டியை ஒளித்துவிடுங்கள். அதில் அச்சிட்ட படம் கண்ணில் பட்டால் ஐந்து குழுக்களும் அதே பாதையைத்தான் போடும்.

5. ஆசாரியிடம் கொடுக்க வேண்டிய வேலை

மேம்பாலத் துண்டுகள் விலை அதிகம். அவற்றின் உயரத்தை மாற்றவும் முடியாது. அதற்குப் பதிலாக எங்கள் தெரு ஆசாரியிடம் 80 சென்டிமீட்டர் நீளமுள்ள நான்கு பலகைகள், ஒவ்வொன்றிலும் தண்டவாளம் போலவே இரண்டு காடிகள், அதோடு 2 சென்டிமீட்டர் உயரக் கட்டைகள் பன்னிரண்டு செய்யச் சொன்னேன். கூலியும் மரமும் சேர்த்து 1,100 ரூபாய். கட்டைகளை அடுக்கி எந்த உயரத்திற்கும் சரிவு வைக்கலாம்.

மாதிரிக்கு ஒரு தண்டவாளத் துண்டைக் கையில் கொடுங்கள். நான் தாளில் வரைந்து கொடுத்தேன். முதல் பலகையில் காடி இரண்டு மில்லிமீட்டர் தள்ளி வந்துவிட்டது. விளிம்புகளை மழுக்கச் சொல்லுங்கள். வார்னிஷ் வேண்டாம் என்றும் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பாசத்தில் இரண்டு பூச்சு அடித்துவிடுவார்.

6. பெற்றோர் படிவமும் பதிவேடும்

படிவம் அரைப் பக்கம் போதும்: பிள்ளையின் பெயர், வகுப்பு, ஒவ்வாமை இருந்தால் அது, பெற்றோரின் கைப்பேசி எண்கள் இரண்டு, யார் அழைத்துப் போவார், புகைப்படம் எடுக்கச் சம்மதமா. கடைசிக் கேள்விக்கு நான்கு பேர் "இல்லை" என்று குறித்திருந்தார்கள். எனவே கைகளையும் தண்டவாளத்தையும் மட்டும் படம் எடுத்தேன்.

ஒரு நோட்டில் பொருள் பதிவேடு வையுங்கள். வகுப்பு தொடங்கும்போதும் முடியும்போதும் பிள்ளைகளே எண்ண வேண்டும்: வளைவு 40, நேர் 28, பாதையை இரண்டாகப் பிரிக்கும் கவை 6, பெட்டி 15, என்ஜின் 5. என்ஜின் குழுவுக்கு ஒன்று என்பதில் கைவைக்காதீர்கள். நான்கு என்ஜின்கள் வைத்து ஐந்து குழு நடத்துவது போர்க்களம். வளைவுகளை எட்டெட்டாக அடுக்கினால் குறைவது உடனே தெரியும் என்று இரண்டாம் வாரம் ஒரு சிறுமி கண்டுபிடித்தாள். எனக்கே தோன்றாத முறை அது.

7. நான்கு வாரங்கள்

முதல் வாரம்: வட்டத்தை மூடுவது

ஒவ்வொரு குழுவுக்கும் எட்டு வளைவுகள் கொடுத்து, ரயில் நிற்காமல் சுற்ற ஒரு பாதை கேளுங்கள். நான் எண்ணியதில் தவறி ஒரு குழுவுக்கு ஏழுதான் போனது. அந்தத் தவறை இப்போது வேண்டுமென்றே செய்கிறேன். அவர்கள் துண்டுகள் சேரும் சந்துகளை நெம்பினார்கள், இழுத்தார்கள், இடைவெளி சிறுத்தது, மூடவில்லை. "எவ்வளவு குறைகிறது?" என்று மட்டும் கேட்டேன். "இதே மாதிரி ஒன்று" என்றான் பையன். ஒரு தாளின் மூலையை நடுவில் மடித்துக் காட்டுங்கள். மடிப்பின் பாகையும் ஒரு வளைவு திரும்பும் பாகையும் ஒன்று. இரண்டு வளைவு சேர்ந்தால் செய்தித்தாளின் மூலை. பாகைமானி பார்த்திராத பிள்ளைக்கும் இது விளங்குகிறது.

அடுத்து நேர்த்துண்டுகளைக் கொடுங்கள். ஒரு பக்கம் நீண்டால் எதிர்ப்பக்கமும் நீள வேண்டும் என்பதை இரண்டு நிமிடத்தில் கண்டுகொள்வார்கள். ஒரு பக்கம் 216 துண்டுகளையும் மறுபக்கம் 144 துண்டுகளையும் மட்டும் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். ஒன்றுக்கு ஒன்று சேராது, ஒன்றுக்கு இரண்டும் சேராது. கடைசியில் இரண்டு 216-க்கு மூன்று 144 சரியாகப் பொருந்தும். மீச்சிறு பொது மடங்கு என்ற பெயரை அவர்கள் பெரிய வகுப்பில் கேட்டுக்கொள்ளட்டும்.

சிலருடைய பாதை கணக்குப்படி சேரக் கூடாதது, ஆனால் சேர்ந்துவிடும். காரணம், முளைக்கும் துளைக்கும் இடையே உள்ள தளர்ச்சி. ஒரு சந்தில் அது மயிரிழை. பன்னிரண்டு சந்துகளில் விரல் அகலம். அந்தப் பாதையில் ரயில் எங்கே குதிக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு குழு நெளிந்து நெளிந்து போகும் பாதை போட்டது. இடப்பக்கம் திரும்பியவை பத்து, வலப்பக்கம் திரும்பியவை இரண்டு. பக்கத்துக் குழுவின் நெளிவில் ஒன்பதும் ஒன்றும். தன்னைத்தானே வெட்டாமல் ஒரு சுற்றில் மூடும் பாதை எதுவானாலும் கழித்தால் எட்டுதான் வரும். எட்டு என்ற எண் வடிவத்தில் குறுக்கே வெட்டிப் போகும் பாதையில் கழித்தால் பூஜ்யம். இதை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். எண்ணிக்கையைக் கரும்பலகையில் எழுதுங்கள். யாராவது ஒருவர் பார்த்துவிடுவார்.

இரண்டாம் வாரம்: சரிவு

ஆசாரியின் பலகையை ஒரு கட்டைமேல் சாய்த்து, மேலிருந்து ஒரு பெட்டியைத் தள்ளாமல் விட வேண்டும். பலகை முடிந்தபின் மொசைக் தரையில் எவ்வளவு தூரம் போகிறது என்று அளக்க வேண்டும். "தள்ளாமல்" என்பதைப் பலமுறை சொல்ல வேண்டியிருக்கும். பெட்டிக்கு முன்னால் அடிக்கோல் ஒன்றைத் தடுப்பாக வைத்து, அதைத் தூக்கச் சொன்னால் சிக்கல் தீரும். ஒவ்வொரு உயரத்திற்கும் மூன்று முறை விட்டு நடு எண்ணை எழுதச் சொல்லுங்கள்.

எங்களுக்கு வந்தவை: ஒரு கட்டைக்கு 38 சென்டிமீட்டர், இரண்டுக்கு 71, மூன்றுக்கு 118. உயரம் கூடக் கூட, தூரமும் ஏறக்குறைய அதே விகிதத்தில் கூடுகிறது. மேலே தூக்கிவைக்கும் ஆற்றலைத்தான் தரையின் உராய்வு கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது. அதே மூன்று கட்டை உயரத்திலிருந்து ஜமுக்காளத்தில் 24 தான் போனது. கோரைப்பாயில் கோரையின் போக்கோடு விட்டால் ஒரு தூரம், குறுக்கே விட்டால் வேறு தூரம்.

பாரம் ஏற்றினால் அதிக தூரம் போகும் என்று ஒருத்தி அடித்துச் சொன்னாள். சிறு பையில் புளியங்கொட்டை கட்டிப் பெட்டியில் வைத்து விட்டோம். 71 இருந்த இடத்தில் 74. அவள் ஏமாற்றத்தோடு இன்னும் ஒரு பை வைத்தாள், மறுபடி கிட்டத்தட்ட அதே தூரம். பாரம் பெட்டியைக் கீழே இழுப்பதும் அதிகம், சக்கரத்தை உரசவைப்பதும் அதிகம். இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன. இதை நான் விளக்கியபோது அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. வராதது நல்லது, நான்காம் வாரம்வரை அவள் அதைச் சோதித்துக்கொண்டே இருந்தாள்.

ஒரு பெட்டி மட்டும் எங்கே விட்டாலும் பாதியில் நின்றது. அது ராசியில்லாத பெட்டி என்று முடிவு கட்டிவிட்டார்கள். கவிழ்த்துப் பார்த்ததில் அச்சில் நீண்ட தலைமுடி ஒன்று சுற்றியிருந்தது. ஊசியால் அதை எடுத்ததும் மற்றவற்றைப் போல ஓடியது. உடனே எல்லாரும் எண்ணெய் கேட்டார்கள். எண்ணெய் கொடுக்காதீர்கள், மரம் குடித்துவிடும், மிச்சத்தில் தூசி ஒட்டி அச்சு இன்னும் இறுகும்.

மூன்றாம் வாரம்: காந்தமும் மலையேற்றமும்

முதல் பத்து நிமிடம் பெட்டிகளைத் திருப்பித் திருப்பிச் சேர்க்கட்டும். ஒட்டாமல் விலகும் பெட்டிகளைப் பார்த்து "இவங்க ரெண்டு பேரும் காய்" என்றான் ஒருவன். எந்த முனை எந்த முனையோடு "காய்", எதனோடு "பழம்" என்று சிவப்பு, நீல ஒட்டுத்தாள் ஒட்டச் சொன்னேன். ஒரே நிறம் இரண்டு எதிரே வந்தால் காய் என்று அவர்களே விதி எழுதினார்கள். பிறகு இரண்டு காந்தங்களுக்கு நடுவே தாள்களை ஒவ்வொன்றாகச் செருகி, எத்தனையாவது தாளில் பிடி விடுகிறது என்று எண்ணினார்கள்.

அடுத்தது இந்த முகாமில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை. தரையில் என்ஜினைப் பிடித்து இழுத்தால் ஒன்பது பெட்டிகளும் வந்தன. பலகையின் ஒரு முனையைப் பத்துக் கட்டை உயர்த்தி, 80 சென்டிமீட்டருக்கு 20 சென்டிமீட்டர் ஏறும் சரிவாக்கி இழுத்தால், நான்காவது பெட்டியைச் சேர்த்ததும் தொடர் அறுந்தது. எந்த இணைப்பு அறும் என்று முன்கூட்டியே கேளுங்கள். ஐந்து குழுக்களும் "கடைசிப் பெட்டி" என்றன. அறுந்தது என்ஜினுக்கு அடுத்த முதல் இணைப்பு. பத்து முறை செய்தும் அதுவே. ஏன் என்று அவர்களுக்குப் புரியவைத்தது, சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓடும் ரயில் விளையாட்டுதான். வரிசையின் கடைசியில் இருப்பவனை யாரும் இழுப்பதில்லை. முதல் ஆளின் சட்டைதான் கிழிகிறது. முதல் இணைப்பு பின்னால் வரும் அத்தனை பெட்டிகளையும் தாங்குகிறது, கடைசி இணைப்பு ஒரே ஒரு பெட்டியை.

அப்போது ஒரு சிறுவன், "என்ஜினைப் பின்னால் போட்டுத் தள்ளினால்?" என்றான். தள்ளிப் பார்த்தார்கள், எல்லாப் பெட்டிகளும் ஏறின. இங்கே நீலகிரி மலை ரயிலைச் சொல்லுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது அந்த என்ஜின் கீழ்ப்பக்கம் நின்றுதான் தள்ளுகிறது. அதன் செங்குத்தான இடத்தில் சுமார் 12 மீட்டர் முன்னே போனால் ஒரு மீட்டர் ஏற்றம். அதற்கே வெறும் சக்கரத்தின் பிடி போதாமல், தண்டவாளங்களுக்கு நடுவே பற்சட்டம் பதித்திருக்கிறார்கள். எங்கள் பலகை நான்குக்கு ஒன்று. தங்கள் பலகை ஊட்டியைவிடச் செங்குத்து என்று தெரிந்ததும் வந்த கூச்சலுக்கு நூலகர் எட்டிப் பார்த்தார். அதே தள்ளும் ரயில் தரையில் வளைவுக்கு வந்ததும் பெட்டிகள் கோணிக்கொண்டு வெளியே சாய்ந்தன. எனவே இழுப்பதா தள்ளுவதா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை.

நான்காம் வாரம்: கவையும் காகிதக் குவளையும்

கவைத் துண்டு ஒரு பாதையை இரண்டாகப் பிரிக்கும். இதில் முளை, துளைக் கணக்கு இடிக்கும். சாதாரணத் துண்டில் ஒரு முளை, ஒரு துளை. கவையில் ஒரு வகைக்கு ஒரு முளை, இரண்டு துளை; இன்னொரு வகைக்கு இரண்டு முளை, ஒரு துளை. ஒரே வகைக் கவைகளை மட்டும் கொடுத்தால் எப்படிப் போட்டாலும் இரண்டு முளைகளோ இரண்டு துளைகளோ நேருக்கு நேர் வந்து நிற்கும். மொத்த முளைகளையும் மொத்தத் துளைகளையும் எண்ணச் சொல்லுங்கள். இருபது நிமிடம் மூச்சு விடாமல் எண்ணினார்கள். இதனால் கவை வாங்கும்போது இரு வகையும் சமமாக இருப்பது அவசியம். நான் வாங்கிய முதல் நான்கும் ஒரே வகை, மேலும் இரண்டு வாங்கும்படி ஆயிற்று.

உண்மையான ரயிலுக்குக் காடி இல்லையே, எப்படி விழாமல் போகிறது என்ற கேள்வி கட்டாயம் வரும். டீக்கடைக் காகிதக் குவளைகள் இரண்டை வாயோடு வாய் வைத்து ஒட்டுங்கள். வேறு இரண்டை அடியோடு அடி ஒட்டுங்கள். இரண்டு பிரம்புகளை இணையாகச் சாய்த்து உருட்டினால், நடுவில் பருத்தது தள்ளாடினாலும் நடுவுக்கே திரும்பும். நடுவில் ஒடுங்கியது விழுந்துவிடும். ரயில் சக்கரத்தின் ஓடுபரப்பும் இப்படிச் சாய்ந்தது, மரபாக இருபதுக்கு ஒன்று என்ற அளவில். உள்விளிம்பில் உள்ள உதடு கடைசிக் காப்பு மட்டுமே.

8. பெற்றோரை எங்கே உட்காரவைப்பது

வெளியே. முதல் வாரம் உள்ளே விட்டேன். ஓர் அப்பா மண்டியிட்டு அமர்ந்து முழுப் பாதையையும் தானே போட்டு முடித்தார், அருமையான பாதை. மகன் ஜன்னல் வழியாக ஆட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டாம் வாரத்திலிருந்து பெற்றோருக்கு நாளிதழ் அறை.

உங்களுக்கும் இது பொருந்தும். பாதை சேராதபோது கை தானாக நீளும். நான் ஒரு கட்டையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். பதில் தெரியாத கேள்விகளை ஓர் அட்டையில் எழுதி ஒட்டி, அடுத்த வாரம் நூலகத்துப் புத்தகங்களில் தேடினோம்.

9. செலவும் பாதுகாப்பும்

பழைய தண்டவாளம் 2,800. ஐஎஸ்ஐ முத்திரையோடு புதிய கவைகளும் ஆறு பெட்டிகளும் 2,350. ஆசாரி 1,100. உப்புத்தாள், ஒட்டுத்தாள், குவளை, அட்டை 340. மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிகள் இரண்டு 560. மொத்தம் 7,150 ரூபாய். பேட்டரி செட்டின் 3,499 தனிக் கணக்கு. அது என் முன்யோசனையின்மைக்கான அபராதம். எல்லாப் பில்களையும் ஒரு கோப்பில் வையுங்கள். வாசகர் வட்டத்தில் ஒருவர் பாதியைத் திருப்பித் தர முன்வந்தபோது, பில் இல்லாத பழைய தண்டவாளத்திற்கு மட்டும் வாங்க முடியாமல் போனது. பழைய பொருளானாலும் விற்றவரிடம் கையெழுத்தோடு ஒரு துண்டுச்சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

முகாம் முடிந்ததும் தண்டவாளங்களை நிழலில் ஒருநாள் காயவிட்டு, துணிப்பையில் கட்டிய வேப்பிலையோடு பெட்டியில் அடுக்குங்கள். எண்ணிக்கையைப் பதிவேட்டில் எழுதி நூலகரிடம் கையெழுத்து வாங்குங்கள். எங்களுக்குக் கடைசி நாள் ஒரு நீலப் பெட்டி குறைந்தது. புளியங்கொட்டைப் பையோடு அது ஒரு புத்தக அலமாரியின் அடியில் கிடைத்தது, பக்கத்தில் ஓர் அடிக்கோலும். யார் சோதனையைத் தொடர்ந்துகொண்டிருந்தார் என்று நான் விசாரிக்கவில்லை.

இந்த ஆண்டுக்கான கடிதத்தை பிப்ரவரி 10 அன்றே கொடுத்துவிட்டேன். தேதி முத்திரையிட்ட ஒப்புகை கோப்பில் இருக்கிறது.